வாடிக்கையாளர் எழுதித் தருவதில் எந்தப் பிழையைக் கேட்காமலே திருத்தலாம்?

பேனர்கடை எழுதியது:
எல்லோருக்கும் வணக்கம். ஈரோடு பக்கம் சின்ன ஊர் ஒன்றில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஃப்ளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு எல்லாம் செய்கிறோம். இப்போது மேட்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. ‘காதனி விழா’ என்று வரும், ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று வரும், ‘மனமாற வாழ்த்தும் நண்பர்கள்’ என்று வரும். இதையெல்லாம் யாரையும் கேட்காமல் நானே சரிசெய்து அடித்துவிடுவேன். யாரும் கவனிப்பதுகூட இல்லை.

சண்டை வேறு இடத்தில் வருகிறது. ஒருவர் ‘வாழ்த்துக்கள்’ என்று அனுப்பினார். ‘வாழ்த்துகள்’ என்று மாற்றி 20க்கு 10 அடி பேனர் அடித்துக் கொடுத்தேன். “எழுத்து விட்டுப்போச்சு” என்று பணத்தைக் குறைத்துவிட்டார். சரி, இனி வந்தபடியே அடிப்போம் என்று இருந்தால், அடுத்து வந்த வாத்தியார் ஒருவர் ‘க்’ ஏன் இருக்கிறது என்று கடையிலேயே வகுப்பெடுத்தார். சதுர அடிக் கணக்கில் காசு வாங்குகிற தொழில் இது. அடித்த பிறகு ஒரு எழுத்து தப்பென்றால் வினைல் ஸ்டிக்கர் வெட்டி மேலே ஒட்டலாம், ஆனால் வெயில் பட்டால் ஒட்டு தனியாகத் தெரியும்.

எதைக் கேட்காமல் திருத்தலாம், எதைக் கேட்டுத் திருத்த வேண்டும், எதைத் தொடவே கூடாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெய்ப்புமேசை எழுதியது:
நல்ல கேள்வி. பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் ஒன்றைப் பாருங்கள்: தவறாக எழுதியதும் அது வேறொரு சொல்லாகிவிடுகிறதா? ஆகிவிட்டால் கேட்கவே வேண்டாம், திருத்திவிடுங்கள்.

நீங்கள் சொன்னவற்றில் இறங்கலும் மனமாறவும் அந்த வகைதான். இரங்கல் என்றால் வருந்துதல். இறங்கல் என்றால் கீழே வருதல். துக்க பேனரில் ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று போட்டால் கிணற்றில் இறங்குகிற மாதிரி இருக்கும். மனமார என்பது மனம் ஆர, அதாவது மனம் நிறைய. மனமாற என்றால் மனம் மாற. வாழ்த்துகிறவர்கள் கட்சி மாறப்போகிறார்களோ என்று படிக்கிறவருக்குச் சந்தேகம் வரும். பதவியேற்பில் ‘உளமார’ என்று உறுதி எடுப்பதும் இதே ‘ஆர’தான். நினைவஞ்சலியில் ‘நினைவு கூறுகிறோம்’ என்று வரும், பாருங்கள். அது நினைவுகூர்கிறோம். ‘அன்புகூர்ந்து’ என்பதில் இருக்கிற கூர்தான் அங்கேயும். வாயால் கூறுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

காதணி மட்டும் கொஞ்சம் வேறு. ‘காதனி’ என்று ஒரு சொல்லே கிடையாது. அதனால் அதிலும் யோசிக்க வேண்டியதில்லை.

சும்மாவந்தவன் எழுதியது:
ஓட்டல் போர்டை விட்டுவிட்டீர்களே. ‘பொறித்த கோழி’ போடாத ஊர் உண்டா? பொறித்தல் என்றால் செதுக்குதல், கல்வெட்டில் பொறிப்பது. எண்ணெயில் போடுவது பொரித்தல். ‘வருத்த கறி’ என்று ஒரு மெனு பார்த்தேன். ஆட்டின் பக்கம் நின்று பார்த்தால் அதுவும் சரிதான்.

மெய்ப்புமேசை எழுதியது:
😀 ‘தேனீர்’ என்று போர்டு வைத்து டீ விற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தே என்பது தேயிலை. தே, நீர் இரண்டும் சேர்ந்தால் தேநீர். தேனீர் என்று எழுதினால் தேன் கலந்த நீர். ‘செக்கு எண்ணை’யும் அப்படித்தான். எள் + நெய் = எண்ணெய். அதன் கடைசியில் இருப்பது ‘நெய்’, அதை ‘ணை’ ஆக்கக்கூடாது.

ஓய்வாசிரியை எழுதியது:
பேனர்கடைத் தம்பிக்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன். பள்ளியில் முப்பது ஆண்டுக்கு மேல் சிவப்பு மை தீர்த்த கை இது.

‘ற்’, ‘ட்’ இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வரவே வராது. ‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’, ‘விற்ப்பனை’ என்று எதைப் பார்த்தாலும் யோசிக்காமல் நடுப் புள்ளியை எடுத்துவிடுங்கள். முயற்சி, பயிற்சி, விற்பனை. பிள்ளைகள் ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்றால் ‘வளர்ச்சி’, ‘மகிழ்ச்சி’ பார்த்துப் பழகிய கை. ய், ர், ழ் மூன்றுக்குப் பிறகு மட்டும்தான் இரண்டாவது புள்ளி எழுத்து நிற்கும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. வாய்க்கால், வளர்ச்சி, வாழ்த்து. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் இந்த வகையில் சந்தேகமே வராது.

இன்னொன்று, ‘சுவற்றில் விளம்பரம் செய்யாதே’. வயிறு வயிற்றில் ஆகும், கிணறு கிணற்றில் ஆகும், ஏனென்றால் அவை ‘று’ என்று முடிகின்றன. சுவர் ‘ர்’ என்று முடிகிறது. சுவரில்தான். பேச்சில் ‘செவுறு’ என்று நாம் சொல்வதால் கை தானாக ‘சுவற்றில்’ என்று போய்விடுகிறது.

பேனர்கடை எழுதியது:
டீச்சர், நன்றி. அந்தச் சுவர் விளம்பரம் எங்கள் கடையில் அடித்ததாகத்தான் இருக்கும்.

ஒரு சந்தேகம். பேரூராட்சி வார்டு ஒன்றில் வைக்க ‘இங்கே குப்பையை எரியாதீர்கள்’ என்று எழுதி வந்திருக்கிறது. எறி சரியா, எரி சரியா? போட வேண்டாம் என்கிறார்களா, கொளுத்த வேண்டாம் என்கிறார்களா? போன் போட்டால் எடுப்பவருக்கும் தெரியவில்லை. மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார்.

மெய்ப்புமேசை எழுதியது:
வந்திருப்பது இரண்டுமே இல்லை. வீசுவது எறிதல், ஆகவே ‘எறியாதீர்கள்’. கொளுத்துவது எரித்தல், அதற்கு ‘எரிக்காதீர்கள்’. ‘எரியாதீர்கள்’ என்றால் படிக்கிறவர்கள் தீப்பிடித்துக்கொள்ளக் கூடாது என்றுதான் பொருள் வரும். இந்த இடத்தில் கேட்காமல் கை வைக்காதீர்கள். ர-வை மாற்றினால் ஒரு தடை, ‘க்கா’ சேர்த்தால் இன்னொரு தடை. எது வேண்டும் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். பதிலே வராவிட்டால் ‘குப்பை கொட்டாதீர்கள்’ என்று போடலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

கடலூரான் எழுதியது:
எல்லாம் சரி, முதலில் கேட்ட கேள்விக்கு யாரும் வரவில்லையே. வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? என் ஓட்டு ‘வாழ்த்துக்கள்’. வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் (எழுத்து, பாட்டு மாதிரி வல்லினப் புள்ளி எழுத்தை அடுத்துக் குறுகிய உ-வில் முடிகிற சொல்லுக்குப் பின்) வல்லினம் மிகும் என்று நாங்களும் பத்தாம் வகுப்பில் படித்தோம். எழுத்துக் கலை, பாட்டுப் பாடினான். அதே கணக்கில் எழுத்துக்கள், வாழ்த்துக்கள். பழைய புத்தகங்கள் பலவற்றிலும் இப்படித்தான் இருக்கிறது.

ஓய்வாசிரியை எழுதியது:
அந்த விதி இரண்டு சொற்கள் சேரும்போது. ‘கள்’ என்பது தனிச்சொல் அல்ல, விகுதி. (தனிச்சொல்லாக எடுத்தால் பனைமரத்துக் கள்தான், ‘வாழ்த்துக் கள்’ என்று கேலி செய்வது அதனால்தான்.) கொக்கு என்பதும் வன்தொடர்தானே? கொக்குக்கள் என்று யாராவது எழுதுகிறார்களா? கொக்குகள். நாடுகள், ஆறுகள், வண்டுகள், பாட்டுகள், கருத்துகள். குற்றியலுகரத்தில் முடிகிற சொல் எதுவானாலும் ‘கள்’ அப்படியே வந்து ஒட்டிக்கொள்ளும். பசுக்கள், தெருக்கள் என்று க் வருவது அங்கே இருப்பது முற்றியலுகரம், அதாவது குறுகாமல் முழுதாக ஒலிக்கிற உ என்பதால்.

இப்போதைய பள்ளிப் பாடநூல்களிலும் ‘எழுத்துகள்’ என்றே இருக்கிறது.

கடலூரான் எழுதியது:
கொக்கு நல்ல அடி. ஆனாலும் நான் ‘வாழ்த்துக்கள்’ என்றுதான் எழுதுவேன். படிக்கிறவனுக்குப் பொருள் மாறுகிறதா? மாறவில்லை. வாயில் எப்படி வருகிறதோ அப்படி எழுதுகிறோம்.

மெய்ப்புமேசை எழுதியது:
கடலூரான் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். நான் என் மேசையில் ‘வாழ்த்துகள்’ என்றே திருத்துவேன். டீச்சரின் காரணம்தான் எனக்கும் வலுவாகப் படுகிறது. ஆனால் அது பதிப்பகத்தின் நடை. பேனருக்குக் காசு கொடுப்பவர் க் வேண்டும் என்றால் விட்டுவிடலாம். இறங்கலையும் இதையும் ஒரே தட்டில் வைக்கிறவர்களோடுதான் எனக்குப் பிணக்கு. ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதியவருக்குத் தமிழே தெரியாது என்று பேசுகிற ஆட்கள் இணையத்தில் நிறைய, அவர்களே அடுத்த வரியில் ‘சுவற்றில்’ என்று எழுதுவார்கள்.

சும்மாவந்தவன் எழுதியது:
‘ஆட்கள்’ என்று எழுதிவிட்டீர்கள். ஆள் + கள் = ஆள்கள் அல்லவா? ‘நாட்கள்’ தப்பு, ‘நாள்கள்’தான் சரி என்று இதே தளத்தில் ஒருவர் என்னை விரட்டி விரட்டி அடித்தார்.

மெய்ப்புமேசை எழுதியது:
மாட்டிக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள், ‘ஆட்கள்’ என்று தெரிந்தேதான் எழுதினேன். ஊரெங்கும் ‘வேலைக்கு ஆட்கள் தேவை’ என்று போர்டு இருக்கிறது. அதை ‘ஆள்கள் தேவை’ என்று மாற்றினால் படிக்கிறவன் ஒரு நொடி நின்று யோசிப்பான்.

இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, கவனித்துப் பாருங்கள். கல் கற்கள், பல் பற்கள், சொல் சொற்கள், புல் புற்கள், முள் முட்கள். எல்லாம் ஒற்றைக் குறிலும் ஒரு மெய்யுமாக இருக்கிற குட்டிச் சொற்கள். அவற்றில்தான் ல், ள் மாறுகின்றன. நெடிலாக இருந்தாலோ சொல் நீண்டாலோ மாறுவதில்லை. கால்கள், வேல்கள், தோள்கள், வாள்கள், விரல்கள், குரல்கள். யாரும் ‘காற்கள்’ என்றோ ‘விரற்கள்’ என்றோ எழுதுவதில்லை. அந்தக் கணக்கில் நாள்கள், பொருள்கள் என்பவை ஒழுங்குக்குள் வருகின்றன. நாட்கள், பொருட்கள், ஆட்கள் மூன்றும் வழக்கால் வெளியே நிற்கின்றன. முதல் இரண்டுக்கும் நான் ள் போடுவேன். ஆட்களை விட்டுவிடுவேன். முரண்பாடுதான், ஆனால் மொழியில் நாற்பது பேர் ஒரு பக்கம் போகும்போது விதியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நடப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை.

வடமராட்சி எழுதியது:
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல். பேனர்கடை அண்ணை, உங்களிடம் எங்கட ஆட்கள் யாராவது மேட்டர் அனுப்பினால் தயவுசெய்து ‘திருத்த’ வேண்டாம். நாங்கள் ரிக்கெற், கிரிக்கெற், ரொறன்ரோ என்றுதான் எழுதுவோம். ஆங்கிலத்தின் t ஒலிக்கு ற்-உம் சொல்லின் முதலில் ர-வும் போடுவது எங்கள் மரபு. சென்னையில் அச்சடித்த விழா மலர் ஒன்றில் எங்கள் கட்டுரை முழுவதையும் டிக்கெட், கிரிக்கெட் என்று மாற்றி, எங்களுக்கே பிழைத்திருத்தப் பட்டியலும் அனுப்பினார்கள். எங்கட அம்மம்மா அதைப் பார்த்திருந்தால் விழா மலரை அடுப்பில் வைத்திருப்பா.

ஒலி, ஒளி விஷயத்தில் மட்டும் நாங்கள் சின்ன வயதிலேயே கெட்டிக்காரர்கள். 1967 முதல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயரைக் கேட்டுக்கேட்டு வளர்ந்ததால் வானொலி ஒலிபரப்பு, தொலைக்காட்சி ஒளிபரப்பு என்பது குழம்பாது. இந்திய விளம்பரங்களில் ‘நேரடி ஒலிபரப்பு’ என்று எழுதி டிவி படம் போட்டிருப்பதைக் கண்டால் சிரிப்பு வரும்.

ஓய்வாசிரியை எழுதியது:
வடமராட்சி சொல்வது நியாயம். அது பிழையில்லை, வேறொரு எழுத்து மரபு. ‘ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்’ என்பதில் அந்த க்-ஐயும் விடாமல் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். நம் ஊரில் போர்டுகளில் அந்த ஒற்றுதான் காணாமல் போகிறது.

பேனர்கடை எழுதியது:
டீச்சர், அந்த ஒற்றுதான் எனக்கும் தலைவலி. எங்கே போடுவது, எங்கே விடுவது என்றே புரியவில்லை. விதியைப் படித்தால் தூக்கம் வருகிறது.

ஓய்வாசிரியை எழுதியது:
விதியைப் பிறகு பார்க்கலாம், முதலில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ‘டீ கடை’ என்று எழுதுகிறவன்கூட வாயால் ‘டீக்கடை’ என்றுதான் சொல்கிறான். மளிகைக் கடை, துணிக்கடை, திருமணத் தகவல் மையம். நாக்கு அழுத்துகிற இடத்தில் பெரும்பாலும் ஒற்று இருக்கும். இது முழு விதி அல்ல, ஆனால் போர்டு வேலையில் பாதிக்கு மேல் இதிலேயே ஓடிவிடும்.

ஐ-க்கும் கு-வுக்கும் பின்னால் கட்டாயம் போடுங்கள். பாலைக் குடி, கடைக்குப் போ. அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின்னாலும் அப்படியே. அந்தப் பையன், எந்தக் கடை. ‘வந்த’, ‘படித்த’ மாதிரி சொற்களுக்குப் பின்னால் போடாதீர்கள். வந்த பையன், படித்த பெண். இன்னொரு இடத்திலும் கை தவறும். ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினையே முன்னால் நிற்கிற சொற்களில் ஒற்று வராது. உங்கள் தொழிலில் தினமும் வருகிற ‘புதுமனை புகுவிழா’விலும் ப் வேண்டாம். கதை சொன்னான், நீர் குடித்தான் மாதிரி, ஐ மறைந்து வினை வருகிற இடம் அது.

சும்மாவந்தவன் எழுதியது:
ஒற்றால் பொருள் மாறுகிற இடமும் உண்டே. ‘வேலை கொடுத்தான்’ என்றால் சம்பளம் கிடைக்கும். ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் கையில் முருகனின் ஆயுதம்.

கடலூரான் எழுதியது:
‘கத்தி கொண்டு வந்தான்’, ‘கத்திக்கொண்டு வந்தான்’. முதல் ஆளுக்குப் போலீஸ், இரண்டாவது ஆளுக்குத் தொண்டை மாத்திரை.

நிரல்_பையன் எழுதியது:
இவ்வளவு பேசியும் ஏன் பிழை வருகிறது என்பதை யாரும் தொடவில்லை. காதனி என்று அனுப்பியவருக்குக் காதணி தெரியாது என்று நான் நம்பவில்லை. போனில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைக்கிறார்கள். ந, ன, ண மூன்றுக்கும் அங்கே ஏறக்குறைய ஒரே பொத்தான். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பார்க்காமல் தட்டினால் முதலில் காட்டுகிற சொல் போய்விடுகிறது. ல, ள, ழ கதையும் இதுதான். தமிழ்99 விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி விசை. க-வை இருமுறை அடித்தால் ‘க்க’ என்று புள்ளியும் தானாக விழும். பேனர்கடை அண்ணா அதில்தான் அடிக்கிறாரா தெரியவில்லை, அடித்தால் பழகிக்கொள்ளலாம்.

அப்புறம் நீங்கள் கோரல் டிராவில் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தானே அடிப்பீர்கள்? அங்கே இன்னொரு பூதம் இருக்கிறது. ‘கௌரவம்’ என்பதில் ௌ ஒற்றைக் குறி. பலர் கொம்பும் ‘ள’வும் தனித்தனியாகப் போட்டு ‘கெளரவம்’ என்று அடிக்கிறார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. மாற்றும்போதும் தேடும்போதும்தான் தெரியும். தேடலில் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது.

இணையத்தில் நாவி என்ற சந்திப்பிழை (ஒற்றுப்பிழை) திருத்தியும் வாணி என்ற எழுத்துப்பிழை திருத்தியும் இருக்கின்றன. மேட்டரை ஒட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் அது சொல்கிறபடி மாற்றிவிடாதீர்கள். ‘இறங்கல்’ சொல்லாகவே இருப்பதால் துக்க வீடா, பஸ் நிறுத்தமா என்று கருவிக்குத் தெரியாமல் போகலாம்.

மெய்ப்புமேசை எழுதியது:
கடைசி வரி முக்கியம். கருவி காட்டாத பிழைதான் பேனரில் ஊர் சிரிக்க வைக்கும்.

கடலூரான் எழுதியது:
ஒரு, ஓர் பற்றியும் சொல்லிவிடுங்களேன். எங்கள் சங்கத்துச் செயலாளர் ‘ஓர் பையன்’ என்று எழுதுகிறார். ஓர் போட்டால் இலக்கணம் ஏறும் என்று நினைப்பு.

ஓய்வாசிரியை எழுதியது:
உயிரெழுத்துக்கு முன்னால் ஓர், மற்றதற்கு ஒரு. ஓர் ஊர், ஒரு பையன். ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா’ என்று கதை சொல்கிற பாட்டியை யாரும் திருத்த வேண்டாம். ‘ஓர் பையன்’ மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது. அதைத் திருத்துங்கள். அழைப்பிதழில் ‘உற்றார் மற்றும் உறவினர்’ என்று வந்தால் அந்த ‘மற்றும்’மை எடுத்துவிட்டு ‘உற்றார் உறவினர்’ என்று போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். கட்டாயமில்லை. எனக்கு அது பல்லில் கல்.

பேனர்கடை எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. நான் இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன். இறங்கல், தேனீர், பொறித்த, முயற்ச்சி வகையை நானே மாற்றிவிடுவேன். வாழ்த்துக்கள், நாட்கள், ஒற்று எல்லாம் வந்தபடி. ஒற்று இல்லாமல் கண்ணை உறுத்தினால் மட்டும் கேட்பேன். பொருள் இரண்டு பக்கமும் போகிற குப்பை வகையில் பதில் வராமல் அடிப்பதில்லை. எதுவானாலும் அச்சுக்கு முன் டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்பி, மாற்றிய இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு ‘ஓகே’ என்று எழுத்தில் வாங்கிவிடுவேன். குரல் பதிவில் ஓகே சொன்னால் செல்லாது.

குப்பை போர்டுக்குப் பதில் வந்துவிட்டது. கொளுத்தத்தான் கூடாதாம். ‘எரிக்காதீர்கள்’ என்று அடித்துக் கொடுத்தாயிற்று.

கடைசியாக ஒன்று. கோயில் கொடைக்கு ஃப்ளெக்ஸ் வந்திருக்கிறது. மேலே ‘அருள்மிகு கருப்பசாமி’, கீழே ‘பக்தர்கள் கருப்பு வேட்டி அணிந்து வரவும்’. இரண்டிலும் ர. கறுப்பு என்பதற்கு ற-தான் என்று எங்கோ படித்தேன். இரண்டையும் மாற்றவா?

மெய்ப்புமேசை எழுதியது:
நிறத்துக்கு ற. ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று தொல்காப்பியத்திலேயே ற இருக்கிறது. கறுத்த, கறுத்தது என்று வினையாக வந்தாலும் ற. கருமை, கரிய, கருங்கல் என்று வரும்போது ர. கருப்பு என்றால் பஞ்சம் என்று ஒரு பொருளும் உண்டு. ஆனால் நிறத்துக்கும் ‘கருப்பு’ என்று ர போட்டு எழுதுகிறவர்கள் இன்று ஏராளம். கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

ஓய்வாசிரியை எழுதியது:
வேட்டியைக் கேளுங்கள். சாமி பெயரில் கை வைக்காதீர்கள் தம்பி. கோயில் வாசலில் கருப்பசாமி என்று இருந்தால் அது பெயர், அப்படியேதான் போட வேண்டும். ஆட்களின் பெயருக்கும் இதேதான். இனிஷியலில்கூட மாற்றம் வேண்டாம்.

பேனர்கடை எழுதியது:
சரிங்க டீச்சர். வேட்டிக்கு மட்டும் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறேன். இன்னும் ப்ளூ டிக் வரவில்லை.